கழியும் கண்ணாடித் திரையும்

ஆரம்பாக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ராக்கெட் பார்ப்பதற்கு எங்கேயும் பிரயாணம் செய்ய வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரிக்கு அப்பால், வடகிழக்கு மூலையில், ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 2023-ஆம் வருஷம் ஜூலை 14-ந் தேதி பிற்பகல் 2-35 மணிக்குச் சந்திரயான்-3 கிளம்பியபோது, ஒன்பதாம் வகுப்பில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. பிறகு நானும் மொட்டை மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். நெருப்பு தெரிந்து ஒரு நிமிஷத்துக்கு மேல் கழித்துத்தான் ஓசை வந்தது. ஒலியின் வேகத்தைப் பற்றி அதற்கு முந்திய வாரம் தொண்டை வறளக் கத்தியும் மண்டையில் ஏறாதது, அன்று ஒரு நொடியில் ஏறிவிட்டது.

ஆனால் இந்த வாரம் நான் சொல்லவந்தது அந்தப் பிரம்மாண்டத்தைப் பற்றி அல்ல. இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரக்கூடிய சின்னஞ்சிறு ஆகாய விமானத்தைப் பற்றி. அதற்குக் காரணம், சென்ற மாதம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்த ஒரு வழக்கு.

என்னிடம் படித்த பையன் ஒருவன். ஏரியோரக் குப்பத்தைச் சேர்ந்தவன். மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்த்தவர்களில் பலர் மறுநாளே அதை மறந்துபோனார்கள். இவன் மறக்கவில்லை. வெளியூரில் ஒரு பறக்கும் பள்ளியில் சேர்ந்து விமானம் ஓட்டப் பழகி வருகிறான். சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ் பெறவேண்டுமானால் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் கட்டணம். அதற்காக இருந்த ஒரு படகு விற்பனையாகிவிட்டது. தாயார் கழுத்தில் இப்போது மஞ்சள் கயிறுதான் இருக்கிறது.

லீவுக்கு வந்திருந்தவன், தாயாரையும் தாத்தாவையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "ஸார், அங்கே இரண்டு வகை விமானம் இருக்கிறது. ஒன்று பழசு, வட்ட வட்டமாகக் கடிகாரம் மாதிரி முள் காட்டும். இன்னொன்று புதுசு, எல்லாம் கண்ணாடித் திரையில் வரும். பழசுக்கு வாடகை குறைவு. புதுசில் பழகினால் வேலை கிடைப்பது சுலபம் என்கிறார்கள். மீதி மணிகளை எதில் பறக்கட்டும்?" என்று கேட்டான்.

அவன் முடிப்பதற்குள் தாயார் குறுக்கிட்டாள். "வேலை கெடக்கட்டும் ஸார். எதுல போனா புள்ள பத்திரமா எறங்குவான், அத்தச் சொல்லுங்க" என்றாள்.

நான் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவன்தான். ஆனால் தரையை விட்டு நான் எழும்பிய அதிகபட்ச உயரம் பள்ளிக்கூடத்து மொட்டை மாடி. ஆகையால் ஒரு வாரம் தவணை கேட்டு, பையனுடைய கைப்புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த ஒரு வாரத்துப் படிப்பைத்தான் நேயர்களுக்குக் கொஞ்சம் பங்கிட்டுக் கொடுக்கிறேன்.

பையன் சொன்ன பழைய விமானம் ஸெஸ்னா 152. 1977 முதல் 1985 வரையில் அமெரிக்காவில் செய்யப்பட்டது. செய்வதை நிறுத்தி நாற்பது வருஷம் ஆகியும் உலகமெங்கும் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் யந்திரத்தின் சக்தி சுமார் 110 குதிரைகள். இறக்கைகள் தலைக்கு மேலே இருக்கின்றன; பெட்ரோல் அந்த இறக்கைகளுக்குள் இருக்கிறது. நம் வீட்டு மாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவதுபோல், பெட்ரோல் தன் எடையினாலேயே கீழே இறங்கி யந்திரத்துக்கு வருகிறது. பம்பு கிடையாது. பம்பு இல்லாததனால் பம்பு கெட்டுப்போவது என்பதும் கிடையாது!

அடுத்தது நெருப்புப் பொறி. பெட்ரோல் எரிவதற்குப் பொறி வேண்டும். பொறிக்கு மின்சாரம் வேண்டும். காரில் அது பாட்டரியிலிருந்து வருகிறது. இந்தச் சிறு விமானங்களில் மாக்னெட்டோ என்று ஒரு கருவி இருக்கிறது. யந்திரம் சுழலும்போது அதற்குள் ஒரு காந்தம் சுழன்று, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. பாட்டரி செத்துப் போனாலும், விளக்கெல்லாம் அணைந்து போனாலும், யந்திரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதிலும் இரண்டு மாக்னெட்டோ. ஒன்று போனால் மற்றொன்று. ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் ஒன்றை அணைத்து மற்றொன்றில் ஓடவிட்டு, இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இந்த எளிமையின் பெருமைக்கு நம் தேசத்துச் சரித்திரத்திலேயே ஓர் அழகான சாட்சி இருக்கிறது. ஆகா கான், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தன்னந்தனியாக விமானம் ஓட்டும் முதல் இந்தியருக்குப் பரிசு என்று அறிவித்தார். 1930-ஆம் வருஷத்தில் ஜே. ஆர். டி. டாடா இங்கிருந்து கிளம்பினார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற பார்ஸி வாலிபர் அங்கிருந்து கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 17. இருவருக்கும் ஜிப்ஸி மாத் என்ற சிறு விமானம். எகிப்து தேசத்தில் அபூகீர் என்னுமிடத்தில் டாடா இறங்கினபோது, ஆஸ்பி அங்கே தவித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஸ்பார்க் பிளக். மாற்றுப் பிளக் கொண்டுவர மறந்து போனார். டாடாவிடம் உபரி இருந்தது. எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி பிளக்கை மாற்றிக்கொண்டு பறந்துவந்து, சில மணி நேர வித்தியாசத்தில் பரிசைத் தட்டிக்கொண்டு போனார்! பிற்காலத்தில், 1960-ல், அவர் இந்திய விமானப் படைக்கே தலைவரானார்.

டாடாவின் பெருந்தன்மையைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். நான் கவனிப்பது வேறொன்று. பாலைவனத்தோரத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் தன் விமானத்துக்கு வந்த நோய் என்ன என்று தானே கண்டுபிடித்தான். மருந்து இன்னொருவன் பையில் இருந்தது. தன் கையாலேயே சிகிச்சை செய்துகொண்டான். இந்த மாத் ரக விமானங்கள் 1925-ல் இங்கிலாந்தில் பிறந்தவை. இறக்கைகளை மடக்கிக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். சொந்த விமானம் என்ற சொல்லுக்கு அர்த்தம் கொடுத்தவை அவைதாம். 1932 அக்டோபர் 15-ந் தேதி கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு டாடா தபால் கொண்டுவந்ததும் அதே குடும்பத்தைச் சேர்ந்த பஸ் மாத் விமானத்தில்தான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பல்லாரி வழியாகச் சென்னைக்கு அந்தத் தபாலைக் கொண்டுவந்தார். வழிகாட்ட ரேடியோ கிடையாது. ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்துக்கொண்டு ஓட்டினார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1982-ல், 78-ஆம் வயதில் டாடா அதே பாதையில் மறுபடி ஒரு பழைய மாத் விமானத்தை ஓட்டிக் காட்டினார்.

சென்னைக்கு இதைவிடப் பழைய உறவும் உண்டு. மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திய டாஞ்செலிஸ் என்பவர், 1910-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், தாமே திட்டம் போட்டுச் சிம்ப்ஸன் கம்பெனியாரைக் கொண்டு செய்வித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். வண்டிப் பட்டறையில் விமானம் செய்யக்கூடிய காலம் அது.

இவ்வளவும் படித்தவுடன், "பழசுதான் உயர்ந்தது" என்று பையனுக்குக் கடிதம் எழுதிவிடலாமென்று பேனாவை எடுத்தேன். நல்ல வேளை, எழுதவில்லை. அதற்குள் ஹென்றி மிஞே என்ற பிரெஞ்சுக்காரருடைய கதை கண்ணில் பட்டது.

மிஞேயின் கொள்கை, பெட்டிக்கு ஆணி அடிக்கத் தெரிந்தவன் எவனும் விமானம் செய்யலாம் என்பது. 1934-ல் செய்முறைப் புத்தகமே போட்டுவிட்டார். அவருடைய விமானத்துக்கு 'ஆகாயப் பூச்சி' என்று பெயர் வைக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் பேன் என்றார்கள், ஆங்கிலேயர்கள் தெள்ளுப்பூச்சி என்றார்கள். முன்னால் ஓர் இறக்கை, பின்னால் ஓர் இறக்கை. காலால் மிதிக்கும் கட்டை கிடையாது. ஒரே ஒரு கைப்பிடியில் எல்லாம் முடிந்தது. இதைவிட எளிமை வேறு என்ன வேண்டும்? ஐரோப்பாவில் தச்சர்களும் குமாஸ்தாக்களும் கொல்லைப்புறத்தில் செய்து பறந்தார்கள். சிலர் திரும்பி வரவில்லை. மூக்கு ஓர் அளவுக்கு மேல் கீழே சாய்ந்துவிட்டால், முன் இறக்கையிலிருந்து வரும் காற்று பின் இறக்கையைத் தூக்கி, மூக்கை இன்னும் கீழே அமுக்கிவிடும். நிமிர்த்துவதற்காகக் கைப்பிடியை இழுத்தால் நிலைமை மோசமாகும். இழுப்பதைத் தவிர வேறு செய்யவோ அந்த விமானத்தில் ஒன்றுமில்லை. 1936-ல் பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் ராட்சதக் காற்றுக் குழாய்களில் முழு விமானத்தையே வைத்துப் பரீட்சை செய்து இந்த உண்மையைக் கண்டுபிடித்தார்கள். பார்ப்பதற்கு எளிமையாக இருந்த பொருளுக்குள் ஒளிந்திருந்த சிக்கலை, மிகச் சிக்கலான கருவி ஒன்று வந்துதான் வெளியே இழுத்தது.

ஸெஸ்னாவும் மாசு மறுவற்றதல்ல. அதில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். அதன் குறுகிய தொண்டை வழியாகக் காற்று விரைந்து, பெட்ரோலும் ஆவியாகும்போது, அங்கே கடுங்குளிர் உண்டாகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், வெளியே 20, 25 டிகிரி வெப்பமுள்ள நாளிலும் தொண்டைக்குள் பனிக்கட்டி உறைந்து யந்திரம் மூச்சு முட்டும். நம் ஏரிக்காற்று போன்ற ஈரக்காற்று அதற்கு நல்ல தீனி. ஓட்டுகிறவன் சமயமறிந்து ஒரு குமிழை இழுத்து, சூடான காற்றை உள்ளே விட வேண்டும். மறந்தால் போச்சு. இன்னொரு குமிழ், உயரம் போகப் போகக் காற்று லேசாவதற்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைப்பதற்கு. அதையும் அவனேதான் திருக வேண்டும். மாக்னெட்டோவிலும் ஒரு விஷப் பல் உண்டு. அதை அணைக்கும் கம்பி எங்கேயாவது அறுந்திருந்தால், சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் அது உயிரோடேயே இருக்கும். நிற்கிற விசிறியை அலட்சியமாகக் கையால் தள்ளுகிறவனுக்கு அதுதான் யமன்.

புதிய விமானங்கள் இந்தக் குமிழ்களையெல்லாம் எடுத்துவிட்டன. நம் நாட்டுச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். 1958-ல் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பிறந்தது புஷ்பக். எஃகுக் குழாய்க் கூட்டின் மேல் துணி போர்த்திய இரண்டு ஆசன விமானம். 90 குதிரைச் சக்தி. 160-க்குச் சமீபமாகச் செய்தார்கள்; நம் பறக்கும் கிளப்புகளில் ஒரு தலைமுறையே அதில்தான் பறக்கப் படித்தது. பிறகு அதே பெங்களூரில் தேசிய வான்வெளி ஆராய்ச்சிக்கூடத்தார் ஹன்ஸா விமானத்தைச் செய்து 1993-ல் பறக்கவிட்டார்கள். துணி போய், நாரும் பிசினும் சேர்ந்த உடம்பு வந்தது. (நம் குப்பத்து ஃபைபர் படகுகளுக்குத் தூரத்து உறவு!) அதன் புதிய வாரிசு 2021 செப்டம்பர் 3-ந் தேதி பறந்தது. அடுத்த வருஷம் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒன்றரை மணியில் பறந்து வந்து, கடல் மட்டத்துக் காற்றில் எப்படி நடந்துகொள்கிறது என்று பரீட்சை கொடுத்தது. பிறகு ஆகாயத்தில் வேண்டுமென்றே யந்திரத்தை நிறுத்தி, மறுபடி கிளப்பியும் பார்த்தார்கள். படிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கிற்று.

இந்தப் புது ஹன்ஸாவின் யந்திரத்தில் கார்புரேட்டர் இல்லை. ஆகவே பனிக்கட்டித் தொல்லை இல்லை. பெட்ரோலை எவ்வளவு விடுவது, பொறியை எப்போது தட்டுவது என்று ஒரு மின்மூளை கணக்குப் போடுகிறது. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டுமென்று இரட்டை ஏற்பாடு. பெட்ரோலும் குறைவாகச் செலவாகிறது. ஆனால் மின்மூளைக்கு மின்சாரம் வேண்டும். பெட்ரோலைத் தள்ளும் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். இதற்காக யந்திரத்திலேயே இரண்டு ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். என்றாலும், மின்சாரம் அடியோடு நின்றால் யந்திரமும் நிற்கும். மாக்னெட்டோவைப் போல் 'என் சோறு எனக்கு' என்று இருக்க இதனால் முடியாது. கோளாறு என்னவென்று பார்க்க ஸ்பானர் போதாது. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டிக் கேட்க வேண்டும். அபூகீரில் ஆஸ்பிக்கு இந்த யந்திரம் இருந்திருந்தால், பெரும்பாலும் அவர் இறங்கியே இருக்க வேண்டியதில்லை. இறங்க நேர்ந்திருந்தாலோ, டாடாவால் உதவி செய்திருக்க முடியாது.

சரி, கண்ணாடித் திரைக்கு வருகிறேன். உயரம், வேகம், திசை, மலை, மழை எல்லாவற்றையும் வர்ணத்தில் காட்டும் திரை இருந்தால் விபத்து குறைய வேண்டுமல்லவா? அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தார் இதைச் சோதித்தார்கள். 2002 முதல் 2006 வரையில் செய்யப்பட்ட 8,000-க்கு மேற்பட்ட சிறு விமானங்களை இரண்டு கட்சியாகப் பிரித்தார்கள். திரை உள்ளவை, முள் உள்ளவை. 2010-ல் முடிவு வெளியாயிற்று. திரை உள்ளவற்றுக்கு மொத்த விபத்துக்கள் கொஞ்சம் குறைவு. உயிர்ச்சேதம் உண்டான விபத்துக்களோ அதிகம்! திரை விமானங்கள் நெடுந்தூரத்துக்கும் கெட்ட வானிலையிலும் அதிகமாக ஓட்டப்பட்டன, முள் விமானங்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளுடன் விமான நிலையத்தையே சுற்றிக்கொண்டிருந்தன என்பது ஒரு காரணம். ஆனால் வாரியத்தார் முக்கியமாக விரல் நீட்டியது பழக்கத்தின் பேரில். முள் எல்லா விமானத்திலும் ஒரே மாதிரி கெடும். ஒருமுறை கற்றால் போதும். திரையோ கம்பெனிக்குக் கம்பெனி வேறு மாதிரி வேலை செய்கிறது, வேறு மாதிரி கெடுகிறது. அந்தந்தத் திரைக்கென்று தனியாகப் பழக்க வேண்டும் என்றார்கள்.

ஸிர்ரஸ் என்ற அமெரிக்க விமானத்தின் அநுபவமும் இதேதான். விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாரசூட் அதில் இருக்கிறது. தலைக்கு மேலுள்ள பிடியை இழுத்தால் ஒரு சிறு ராக்கெட் பாரசூட்டை வெளியே இழுத்துக்கொண்டு போகும். 2002-ல் ஆபத்தில் சிக்கிய ஒருவர் முதன்முதலாக இழுத்து உயிர் தப்பினார். ஆயினும், கையெட்டும் தூரத்தில் பிடி இருந்தும் இழுக்காமலே மாண்டவர்கள் பலர். விமானத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று கடைசி வினாடி வரை போராடியிருக்கிறார்கள். எந்த உயரத்தில், எந்தச் சந்தர்ப்பத்தில் யோசிக்காமல் இழுக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பழக்கிய பிறகுதான் பலன் தெரிந்தது.

வாரம் முடிந்தது. பையன் வந்தான், தாயாரும் தாத்தாவும் கூடவே வந்தார்கள். இத்தனையும் சொன்னேன். தாத்தா இடையில் பேசவில்லை. அவர் ஏரியில் பாய் விரித்துப் போன காலத்தவர். இப்போது பேரப்பிள்ளைகளின் படகுகளில் என்ஜின் இருக்கிறது. ஒரு தடவை நானும் அவரோடு போயிருக்கிறேன். நடு ஏரியில் என்ஜின் நின்றது. என் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு, அவர் படகின் அடியிலிருந்து நீண்ட மூங்கிற் கழியை எடுத்து ஊன்றினார். ஏரியின் ஆழம் பெரும்பாலும் இடுப்பளவுதான். ஊன்றி ஊன்றியே கரை சேர்த்துவிட்டார்.

அந்தச் சம்பவத்தை நினைத்துக்கொண்டுதானோ என்னவோ, "ஸார், அது ரெண்டுல எதுல கழி இருக்குது?" என்று கேட்டார்.

பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியான கேள்வி. ஏரியில் இறங்கி நடந்துவிடலாம். ஆகாயத்தில் இறங்கி நடக்க முடியாது. அங்கே கழி என்பது, யந்திரம் நின்ற பிறகும் விமானம் பறக்கும் என்ற ஒரு சமாசாரந்தான். ஸெஸ்னா 152, காற்றில்லாத நாளில், ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டு போகும். அந்தத் தூரத்துக்குள் ஒரு வயலையோ ரோட்டையோ தேர்ந்தெடுத்து, ஒரே முயற்சியில் இறங்க வேண்டும். ஹன்ஸாவும் சறுக்கும். ஆகையால் கழி இரண்டிலும் உண்டு. ஊன்றத் தெரிந்த கை இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே, என் தீர்ப்பைச் சொன்னேன். மீதி மணிகளில் பெரும்பகுதியைப் பழைய விமானத்திலேயே பறக்கட்டும். குமிழை மறந்தால் யந்திரம் இருமும். இருமலைக் காதால் கேட்டுக் கற்கட்டும். யந்திரத்தைத் தணித்துவிட்டுச் சறுக்கி இறங்குவதை, ஆசிரியர் போதுமென்று சொன்ன பிறகும் பத்துத் தடவை கேட்டுச் செய்யட்டும். கடைசி மணிகளைத் திரைக்கு ஒதுக்கட்டும். அதிலும் பாதியில், ஆசிரியரைக் கொண்டு திரையை அணைக்கச் சொல்லி ஓட்டட்டும். எத்தனை திரை இருந்தாலும் ஒரு பழைய காந்தத் திசைகாட்டி மின்சாரத்தின் தயவில்லாமல் அங்கே இருந்தே தீரும். அதோடு சிநேகம் செய்துகொள்ளட்டும். பெரிய விமானங்களில் எல்லாம் திரைதான். பிழைப்பு அங்கேதான் இருக்கிறது. ஆகவே, திரையே வேண்டாமென்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

பையனுக்கு இதில் முழுத் திருப்தியில்லை. "ஸார், புது விமானத்தில் அதிக மணி காட்டினால்தானே கம்பெனிக்காரர்கள் மதிப்பார்கள்?" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். விமானக் கம்பெனிக்காரர்களுடைய மனசு கார்புரேட்டரைவிடச் சூக்ஷ்மமானது; அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

தாயாருக்கோ, நான் சொன்ன ஒன்பது கிலோமீட்டர்தான் மனசில் நின்றது. எங்கள் ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் என்றால் எந்த ஊர் வரைக்கும் என்று கேட்டாள். அதைத் தாத்தா கணக்குப் போட்டுச் சொன்னார். கிழக்கே போனால் பாதித் தூரத்துக்கு மேல் தண்ணீர்தான் என்றும் சொன்னார். அவள் பையனைப் பார்த்து, "நீ மேற்காலேயே ஓட்டு" என்றாள்.

பையன் திங்கட்கிழமை ரயிலுக்குப் போய்விட்டான். ஸெஸ்னாவின் கைப்புத்தகத்தை மட்டும் என்னிடம் விட்டுப் போயிருக்கிறான். பொங்கலுக்கு வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆபத்துக் காலத்தில் செய்யவேண்டியவை என்ற அத்தியாயத்தில் இன்னும் நாலு பக்கம் பாக்கி இருக்கிறது.